மெக்கானிக்கிடம் வாய் திறக்காத கார்

செல்வநாயகியின் காருக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. காலையில் முதல் தடவை சாவியைத் திருகும்போது மட்டும் அது 'டொக் டொக் டொக்' என்று அடித்துக்கொள்ளும். இன்ஜினுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு, என்னை வெளியே விடுங்கள் என்று சுத்தியலால் தட்டுவது போல இருக்கும். நாலைந்து கப்புகளைத் தட்டிப் பார்த்து எடுத்து வைக்கும் நேரம்தான் அந்தச் சத்தத்துக்கு ஆயுள். பிறகு தானாக அடங்கிவிடும். அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் வண்டி வாயே திறக்காது. மறுநாள் காலையில் பழையபடி டொக் டொக் டொக்.

நேரத்தைக் கப்புக் கணக்கில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவளும் அவள் கணவன் நந்தகுமாரும் ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார்கள். டீ கப்பு, ஊறுகாய் ஜாடி, கார்த்திகை சமயத்தில் விளக்கு என்று எது ஓடுகிறதோ அதைச் செய்வார்கள். சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல கப்பு 'கிணிங்' என்று பாடும். விரிசல் விட்டது 'டொக்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்; அதை 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட அவள் காது பிடித்துவிடும். அந்தக் காதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இருபது வருஷம் தட்டிச் சம்பாதித்த காது அது.

மண் அரைப்பது, சூளை எரிப்பது, மெஷின் பார்ப்பது எல்லாம் நந்தகுமார். பேட்டையில் எந்த யூனிட்டில் மோட்டார் முனகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், மெஷினின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஏதாவது ஒரு நட்டைத் திருகிவிட்டு வருவான். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கார் விஷயத்தில் அவன் தீர்ப்பைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எல்லாம் உன்னோட ரெண்டாவது கியருதான்" என்றான். "மூணாவது போட வேண்டிய எடத்துல ரெண்டாவதுலயே இழுத்துகினு போற. இன்ஜின் எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"ராத்திரியெல்லாம் நிக்கிற வண்டிக்கு ஏதுங்க கியரு? காலையில நான் கியரு போடறதுக்கு முன்னாலயே அடிக்குது."

"பகல்ல அடி வாங்குனவன் காலையிலதான் முனகுவான்" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "செரியாவுட்டும். அப்பறம் பாக்கலாம்."

அந்தச் சாவி சட்டைப் பைக்குள் விழுந்தபோது செல்வநாயகிக்கு நெஞ்சு எரிந்தது. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். "என்னா ஆன்ட்டி, சூளையை விட்டுட்டு வந்துட்டீங்க" என்று கேட்டவர்கள் முன்னால் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். அதுவரை அவள் எங்கே போவதென்றாலும் நந்தகுமாரின் பைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போனாள். அவனுக்கு நேரம் இருந்தால் அவளுக்கும் நேரம் இருக்கும். கார் கைக்கு வந்த பிறகு வேப்பூருக்கு அவளே சாம்பிள் கப்புகளை எடுத்துக்கொண்டு போனாள். ஹைவே ஹோட்டல்காரர்களிடம் அவளே ஆர்டர் பேசினாள். பெண்ணாடத்தில் இருக்கும் தங்கை வீட்டில் நினைத்த நேரத்துக்குப் போய், நினைத்த நேரத்துக்குக் கிளம்பினாள். இந்தச் சுகம் என்ன என்று தெரிந்த பிறகு மறுபடி பைக்குக்குப் பின்னால் உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இதற்கே அவள் சமாதானம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்றும் வந்தது. பெண்ணாடத்தில் கரும்பு போடும் பாண்டியன் என்பவர் பழைய கார் தேடுகிறாராம். சூளைக்கு விறகு வாங்கப் போன இடத்தில் நந்தகுமார் அவரிடம் பேசிவிட்டான்.

"வர்ற ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்னாரு. புடிச்சிருந்தா குடுக்குறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேக்கலயே?"

"அடிக்கிற இன்ஜின வச்சிகினு என்னா பண்றது? இதைத் தள்ளிட்டு, அப்பறம் ஒண்ணு பாக்கலாம்."

நந்தகுமாரின் 'அப்பறம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். யூனிட்டுக்குப் பின்பக்கச் சுவர் கட்டுவதாகச் சொன்ன 'அப்பறம்' இன்னும் வந்து சேரவில்லை. கார் போனால் போனதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். சரியாகிவிட்டால் விற்கக் காரணம் இருக்காது என்று அவள் கணக்குப் போட்டாள்.

முதலில் தன் சொந்தக் காதை நம்பினாள். தரம் பிரிக்கும் கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் மாரியம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காலையில் நந்தகுமாரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, இருவரும் பானெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுத்தார்கள். டொக் டொக் டொக்.

மாரியம்மாள் நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினாள். "செகண்ட்ஸு."

"வெரிசல்தானே?"

"நல்ல வெரிசல்கா. நம்ம சரக்கா இருந்தா தூக்கி ஒடசல் குவியல்ல போட்டுடுவேன்."

செல்வநாயகிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. விரிசல் விட்ட கப்பை எந்தக் கொம்பனாலும் ஒட்ட முடியாது. இன்ஜினும் அப்படித்தானே என்று அவள் காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் நோயாளியை டாக்டரிடம் காட்டாமல் காரியம் செய்யக் கூடாது என்று தோன்றவே, எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜங்ஷன் பக்கம் ஷெட் வைத்து, வழக்கமாக அவர்கள் வண்டிக்கு ஆயில் மாற்றும் மதிவாணனிடம் போனாள். போனது நந்தகுமார் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார. அந்த அவமானம் தனி.

மதிவாணன் வாய் ஓயாத மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் அதனிடம் முதலில் பேசிவிட்டுத்தான் ஓனரிடம் பேசுவான். பானெட்டைத் திறந்து, "என்னாடி செல்லம், எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினான். வண்டி வழவழவென்று ஓடியது. நிறுத்தி மறுபடி எடுத்தான். இன்னும் வழவழவென்று ஓடியது.

"சத்தம் எங்கக்கா?"

"காலையில மட்டும்தான் வரும்."

"எப்பிடி வரும்?"

ஷெட்டில் அத்தனை பேர் நிற்கிறார்கள். அவள் கூச்சத்தை விட்டு, "டொக் டொக் டொக்" என்று வாயாலேயே அடித்துக் காட்டினாள். மதிவாணன் தலையைச் சாய்த்து ரசித்துக் கேட்டான்.

"நீங்க நல்லா அடிக்கிறீங்க. ஆனா உங்களைக் கழட்டிப் பாக்க முடியாதே" என்றான். "ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிகினு வந்தா இன்ஜின் சூடாயிடும்கா. சூட்டுல இது வாய் தொறக்காது. நான்தான் வூட்டுக்கு வரணும். காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியே போடக் கூடாது. வண்டி ஜில்லுனு இருக்கணும்."

வியாழக்கிழமை விடிந்ததும் சொன்னபடி அவன் வந்தான். அவன் வந்தபோது கார் வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், குளித்துத் துடைத்து, நெற்றியில் சந்தனப் பொட்டோடு நின்றது. முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நந்தகுமார் கையில் ஈரத் துணியோடு பெருமையாக நின்றான்.

"ஏங்க!" என்று செல்வநாயகி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "வண்டி எப்பிடிங்க வெளிய வந்துது?"

"உள்ள எடம் பத்தாதுன்னு நான்தான் எடுத்து வுட்டேன். மெக்கானிக்கு வர்றாருன்னா வண்டிய அழுக்கோடயா காட்றது?"

"ஸ்டார்ட் பண்ணியா?"

"பின்ன, தூக்கிகினா வர முடியும்?"

கோபத்தில் மரியாதை நழுவிவிட்டதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. மதிவாணன் பானெட்டில் கை வைத்துப் பார்த்து, சூடு பட்ட மாதிரி உதறினான். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நாளைக்குப் பெரிய வேலை இருக்கிறது, சனிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நந்தகுமார் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட உடனே செல்வநாயகி சாவியை எடுத்துக் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். சனிக்கிழமை காலையில் அவன் எழுந்து கார் துடைக்கும் துணியோடு சட்டைப் பையைத் துழாவி, மேஜையைத் துழாவி, கட்டிலுக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் தெரியாதவளாக வாசல் தெளித்தாள். மதிவாணன் பைக் வந்து நின்ற பிறகுதான் மாவைத் தட்டிவிட்டுச் சாவியை நீட்டினாள். நந்தகுமார் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போடுங்கக்கா" என்றான் மதிவாணன். "நீங்களே ஒக்காருங்க."

பல நாளைக்குப் பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தை மாசத்துப் பனி கண்ணாடியில் பூத்திருந்தது. சாவியைத் திருகினாள்.

டொக் டொக் டொக் டொக்.

நோய் வந்தது என்று இத்தனை சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். "கேக்குதா? கேக்குதா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள். மதிவாணன் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, பேசாதே என்று கையைக் காட்டினான். முனையை மேலே வைத்தான், கீழே வைத்தான், மறுபடி மேலே வைத்தான். சத்தம் மெல்லக் குறைந்து நின்றுவிட்டது.

"வெரிசல்தானே?" என்றாள் அவள்.

"வெரிசலா? யாரு சொன்னா?"

"தட்டுனா டொக்குங்குதே."

மதிவாணன் சிரித்துவிட்டான். "அக்கா, கப்பு சும்மா இருக்கும், நீங்க தட்டுவீங்க. இன்ஜின் அது பாட்டுக்கு தன்னத்தானே தட்டிக்கும். சத்தம் மேலேருந்து வருது. கீழேருந்து வந்திருந்தா நான் இப்ப துக்க வூட்டு மூஞ்சி வச்சிருப்பேன். கொஞ்ச நேரத்துல தானா அடங்குது பாருங்க, அதான் விஷயம். ராத்திரி ஆயில் எல்லாம் கீழ எறங்கிடும். காலையில ஸ்டார்ட் பண்ண ஒடனே அது மேல ஏறணும். ஏற நேரமாவுது. அது வர்ற வரைக்கும் இரும்பும் இரும்பும் மோதுது."

"ஏன் நேரமாவுது?"

"அதைத்தான் பாக்கணும்." அவன் ஆயில் குச்சியை உருவினான். நுனியில் ஆயில் சொட்டவில்லை. பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு, நூலாக நீண்டது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தவன் மூக்கைச் சுருக்கினான். "இது நான் ஊத்துன ஆயில் இல்லியே. என்னா வாட இது?"

செல்வநாயகியும் குனிந்து முகர்ந்தாள். முகர வேண்டிய அவசியம்கூட இல்லை. கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைக்கும் பெரிய உருளை மில் ஒன்று அவர்கள் யூனிட்டில் உண்டு. அதன் கியர் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயின் நாற்றம், கந்தகமும் கரியும் கலந்த அந்த நாற்றம், இருபது வருஷமாக அவள் துவைக்கும் சட்டைகளில் இருப்பது. அவள் நிமிர்ந்து நந்தகுமாரைப் பார்த்தாள். நந்தகுமார் எதிர்வீட்டுத் தென்னை மரத்தில் எத்தனை காய் காய்த்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் மதிவாணன்.

"உன் ஆயிலு தண்ணி மாதிரி இருந்துது" என்றான் நந்தகுமார், தென்னை மரத்திடம். "கலப்படம்னு நெனச்சேன். அதை எறக்கிட்டு நம்ம ஆயில ஊத்துனேன், ரெண்டு மாசம் இருக்கும். மில்லு இருவது வருஷமா ஓடுது, ஒரு நாளாவது முனகியிருக்குதா? அந்த ஆயிலு அப்பிடி."

"அண்ணே, உங்க மில்லு எரும. மெதுவா சுத்தும். அதுக்கு அந்த ஆயிலு செரி. இது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற சாமான். இதுக்கு அதை ஊத்தலாமாண்ணே?"

"இரும்புதானே ரெண்டும்?"

மதிவாணன் தலையில் கை வைத்துக்கொண்டான். பதில் செல்வநாயகியிடமிருந்து வந்தது. "அப்ப ரெண்டாவது கியரு?" என்று கேட்டாள். மதிவாணன் குச்சியைத் துடைத்தான். "இல்ல, கேக்குறேன். பகல்ல அடி வாங்குனவன் காலையில முனகுவான்னீங்களே, அடிச்சது யாரு?"

அவளுக்கு அத்தனை நிம்மதி. விரிசலும் இல்லை, தன் தப்பும் இல்லை. உலகத்தில் நிரபராதி என்று தீர்ப்பு வாங்குவதைப் போல ஒரு ருசி வேறெதற்கும் கிடையாது. தப்பைச் செய்தவர் பெண்டாட்டியின் மேல் பழி போட்ட புருஷனே என்றால் ருசி இரட்டிப்பு. மதிவாணன் காரை ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், அடியில் இருந்த திருகைக் கழற்றினான். எண்ணெய் கீழே விழ மனசில்லாமல் மெதுவாக இறங்கியது. லேசான ஆயிலை ஊற்றிக் கழுவி இறக்கி, ஃபில்டரை மாற்றி, இன்ஜினுக்கு உரிய ஆயிலை ஊற்றி, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டான். நல்ல காலம், உள்ளே எதுவும் தேயவில்லை என்றான். இருந்தாலும் மறுநாள் காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்துப் பார்த்தால்தான் குணமானதாகச் சொல்ல முடியும் என்றான்.

நந்தகுமார் அவனை ஓரமாகக் கூட்டிப்போய், "மதி, இது பேட்டையில யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. எந்தக் காது அது, விழாமல் இருக்குமா? பாவமாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் மெஷின் வைத்தியம் பார்க்கும் மனுஷன்.

"அதான் செரியாயிடுச்சே. பாண்டியன் அண்ணனை வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் சாப்பாடு போடும்போது.

"வாக்கு குடுத்துட்டேன் நாயகி."

"அடிக்கிற இன்ஜினுன்னுதானே விக்கப் பாத்தீங்க? இப்பதான் அடிக்கலையே."

"வாக்கு வாக்குதான். அவரு வேணான்னு சொன்னா அது வேற." அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவள் கணக்கு அங்கேதான் உடைந்தது. குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் அவள் கோபம் முழுக்க இருந்தது. தேடி அலைந்து, மாவில் சாவி புதைத்து, நோயைக் கண்டுபிடித்தவள் அவள். இப்போது வண்டி விற்பதற்குத் தோதாக இருக்கிறது.

பாண்டியன் விவரமான ஆள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே வந்தார். வந்தவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. திருப்தியோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

"சில பேரு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி சூடு பண்ணி வச்சிடுவானுவ" என்றார். "தம்பி அப்பிடி இல்ல. சாவியக் குடுங்க, நானே போட்டுப் பாக்குறேன்."

குணமானதைப் பார்க்க மதிவாணனும் வந்து நின்றான். செல்வநாயகி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவள் வேண்டிக்கொண்டது வெட்கக்கேடானது. அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு டொக், சாமி. ஒன்று போதும்.

பாண்டியன் சாவியைத் திருகினார். வண்டி, நல்ல சூட்டில் வெந்த கப்பைத் தட்டினாற்போல, சுத்தமாக எழுந்து ஓடியது. ஒரு டொக்கும் இல்லை. மதிவாணன் கைதட்டவே போனான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அருமையான இன்ஜின்" என்றார் பாண்டியன். "தேடுனாலும் கெடைக்காது. தம்பி, நான் இப்பவே ஓட்டிகினு போயிடறேன். பேப்பரெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

"எனக்கு இந்த வண்டி வேணும்" என்றாள் செல்வநாயகி.

சொன்ன பிறகுதான் சொன்னது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. பாண்டியன் திரும்பிப் பார்த்தார்.

"இது நான் ஓட்டுற வண்டிண்ணே. இதுல கத்துகிட்டேன், இதுலதான் போறேன் வர்றேன். என்னைய கேக்காம பேசிட்டாங்க. எனக்குக் குடுக்க மனசில்ல."

பாண்டியன் கெட்டவர் இல்லை. ஆனால் ஆசைப்பட்ட பொருள் கைக்கு எட்டிய இடத்தில் நிற்கிறார். "தங்கச்சி சொல்றது புரியுது" என்று இழுத்தார். "ஆனா தம்பி எனக்கு வாக்கு குடுத்தாரு. நான் இன்னொரு வண்டிய வேணாம்னு வுட்டுட்டு வந்திருக்கேன். என்னா தம்பி?"

நந்தகுமார் மனைவியைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். பிறகு விடுவிடுவென்று உள்ளே போனான். பேப்பரை எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் பின்கட்டிலிருந்து ஒரு கருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, பாண்டியனின் காலடியில் டங்கென்று வைத்தான்.

"அண்ணே, வாக்கு குடுத்ததால ஒண்ணு மறைக்கக் கூடாது. இதைப் பாத்துக்குங்க. இது எங்க மில்லு ஆயிலு. கல்லு அரைக்கிற மில்லுக்கு ஊத்துறது. இதைத்தான் நான் இந்த இன்ஜினுக்கு ஊத்தி வச்சிருந்தேன்."

"அண்ணே!" என்றான் மதிவாணன் பதறி.

"நீ சும்மா இருடா. ஆறு மாசம் இதுலதான் ஓடியிருக்குது. தெனம் காலையில டொக்கு டொக்குன்னு அடிக்கும். இவதான் கண்டுபுடிச்சா, நேத்து மாத்துனோம். நான் ஒரு வெவரங்கெட்டவன்ணே. இரும்புதானே ரெண்டும்னு ஊத்திட்டேன். இந்தப் பேட்டைக்கே மெஷின் பாக்குறவன் நான். எனக்கு இது தெரியல." குரலை இன்னும் உயர்த்தினான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "உள்ள என்னா தேஞ்சிருக்குதோ, எங்க நின்னுபோவுமோ, நான் கேரண்டி சொல்ல மாட்டேன்."

பாண்டியன் டப்பாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நந்தகுமாரைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் மீசை படாத பாடு பட்டது.

"மில்லு ஆயிலா? காருக்கா?" என்றார். "வேணாம் தம்பி. நீங்களே வச்சுக்குங்க. நானும் எத்தினியோ பாத்திருக்கேன், ஆனா இது..." முடிக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். தெரு முனையில் திரும்பும்போது அவர் தோள் குலுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் நாளைக்கு இந்தக் கதைதான் ஓடும். அங்கிருந்து பேட்டைக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

மதிவாணன், புது ஆயில் எல்லா இடத்துக்கும் போகட்டும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினான். இருவரும் காருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நந்தகுமாரின் முகம் கழுவாத தட்டு மாதிரி கிடந்தது.

"ஆறு மாசமா?" என்றாள் அவள். "நேத்து ரெண்டு மாசம்னு மதிகிட்ட சொன்னீங்க."

"ரெண்டு மாசம்னா அந்த ஆளு வாங்கியிருப்பாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று தெரியாமல் தவித்தாள். "உங்கள யாருங்க அதை ஊத்தச் சொன்னது? உண்மையிலயே கலப்படம்னா நெனச்சீங்க?"

அவன் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். மூடி ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"தீவாளி கழிச்சி நீ மொத மொதல்ல தனியா வேப்பூரு கெளம்புன பாரு. அதுக்கு மொத நாளு" என்றான். "ஹைவே. லாரியும் பஸ்ஸும் அப்பிடி போவுது. எங்கயாவது நடுவழியில நின்னுட்டா நீ என்னா பண்ணுவ? ராத்திரி பூரா தூக்கமில்ல. ஒங்கூட வந்து கியரு போட்டுக் குடுக்க முடியாது. என்னால முடிஞ்சது இன்ஜின் ஒண்ணுதான். நம்மகிட்ட இருக்குறதுலயே நல்ல ஆயிலு அதான்."

செல்வநாயகி டப்பாவைப் பார்த்தாள். அந்த டொக் டொக்கை அவள் விரிசல் என்றாள், மாரியம்மாள் செகண்ட்ஸ் என்றாள். அந்த மனுஷனின் பயம்தான் அத்தனை நாளாக இன்ஜினுக்குள் கிடந்து அடித்திருக்கிறது. அவன் மேல் ஒரே சமயத்தில் ஆத்திரமும் ஆசையும் பொங்கின.

"பயம்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க. ரெண்டாவது கியரு, மூணாவது கியருன்னு எதுக்கு என்னைய ஏசுனீங்க? எதுக்கு விக்கப் போனீங்க?"

"அடிக்க ஆரம்பிச்சதும் பயம் இன்னும் அதிகமாயிடுச்சு."

"அதைத்தான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீ போவாம இருந்துடுவியே" என்றான் நந்தகுமார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இடப்பக்கக் கதவையும் உள்ளேயிருந்து திறந்துவிட்டாள்.

"வேப்பூரு வரைக்கும் போறேன். நீங்களும் வாங்க."

நந்தகுமார் திறந்த கதவைப் பார்த்தான். ஒரு கால் முன்னால் வைத்தான். பிறகு கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினான்.

"வேணாம். நான் பக்கத்துல ஒக்காந்தா ஒன்ன ஓட்ட வுட மாட்டேன்" என்றான். "நீ போயிட்டு வா. நான் இங்கயே இருந்து பயந்துக்கறேன்."

செல்வநாயகி சிரித்தபடி கியரைப் போட்டாள். வண்டி தெரு முனை திரும்பும் வரைக்கும் அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.